வழி விடாதவள்

லிண்டன்டால், மனிட்டோபா
28 செப்டம்பர் 1980, ஞாயிறு

அன்புத் தங்கை நேட்டாவுக்கு,

வியாழக்கிழமை நான் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். பட்டென்றுதான் வைத்தேன். ஆனால் முழுக் கோபமும் உன் மேல் இல்லை. ஒரே கம்பியில் எட்டு வீட்டுக்கு இணைப்பு வைத்துக்கொண்டு குடும்ப விஷயம் பேச முடியாது என்பதை, வின்னிபெக்குக்குப் போன ஒரே வருஷத்தில் மறந்துவிட்டாய். நீ "நான் வரலண்ணா" என்றதும் "அடக் கடவுளே!" என்று ஒரு குரல் கேட்டதே, அது நான் இல்லை. ஃப்ரீசன் வீட்டு சுசன்னா. இனிமேல் கடிதம்தான்.

உன் அறை முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சபையிலிருந்து இருபது பேருக்கு மேல் வந்தார்கள். காலையில் பலகை இறக்கினோம், சாயங்காலம் கூரை ஏறிவிட்டது. பெண்கள் வரெனிக்கே கொழுக்கட்டை அவித்து அவித்துப் போட, ஆண்கள் அதன் மேல் பாலேட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சமையலறையை ஒட்டிய அறை. வாசலில் படி கிடையாது, சாய்வுப் பலகை. கை கழுவும் தொட்டியை உன் நாற்காலி அடியில் நுழையும் உயரத்தில் நானே வைத்தேன். ஒருவரும் கூலி வாங்கவில்லை. போகும்போது ஒவ்வொருவரும் "நேட்டா எப்ப வர்றா?" என்று கேட்டார்கள். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

இப்போது நீ வரமாட்டேன் என்கிறாய். காரணம் கேட்டால் வியாழக்கிழமைகளில் பந்து விளையாட்டு இருக்கிறதாம். அந்தச் சரளைக் குளத்தில் தலைகீழாகக் குதித்துக் கழுத்து ஒடிந்து, கால் வராமல், விரல் மடங்காமல் இருக்கிறவளுக்கு என்னம்மா பந்து விளையாட்டு? பெயர் என்ன என்று கேட்டேன். இருமினாய்.

டிசம்பர் 18 வியாழக்கிழமை பிக்கப் வண்டியோடு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. அம்மா அந்த அறையை இப்போதே இரண்டு முறை கழுவிவிட்டாள்.

உன் அண்ணன்
கெர்ஹார்ட்


வின்னிபெக்
7 அக்டோபர் 1980

கெர்ஹார்ட் அண்ணா,

பேனாவைக் கையோடு பட்டை வைத்துக் கட்டி எழுதுகிறேன். கோணலாக இருந்தால் கோபத்தால் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, ஆனால் கோணல் வேறு காரணத்தால்.

விளையாட்டின் பெயர் கொலைப்பந்து. நான் வைக்கவில்லை. இந்த ஊரில் என்னைப் போலக் கழுத்து ஒடிந்த சிலர் ஆரம்பித்தது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்குப் போனால் கை நன்றாக உள்ளவர்கள்தான் ஆடுவார்கள். காலோடு கையும் போனவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும், அந்தக் கைதட்டலும் எங்களுக்குச் சத்தமாக வராது. அதனால் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். பக்கத்துக்கு நாலு பேர். ஒரு கைப்பந்து. அதை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கோட்டைச் சக்கரம் தாண்டினால் புள்ளி. ஆளை ஆள் தொடக் கூடாது. ஆனால் நாற்காலியால் நாற்காலியை மோதலாம். மோதலாம் என்ன, மோதத்தான் வேண்டும். கொலை என்று சொன்னால் யாரும் கூடம் வாடகைக்குத் தர மாட்டேன் என்கிறார்களாம், அதனால் சக்கர நாற்காலி ரக்பி என்று மாற்றலாமா என்று பேச்சு நடக்கிறது.

எங்கள் கிளப்புக்குத் தலைவர் ஆரஸ்ட். உக்ரைன் வம்சம், வெல்டிங் வேலை செய்தவர், சாரத்திலிருந்து விழுந்தவர். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பண்ணைப் பொண்ணா? பன்னி புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

"அப்ப வா. இவனுங்களும் அதே மாதிரிதான். நாத்தம் கொஞ்சம் கூட."

தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர் கையுறையை மாட்டிவிட்டு, மணிக்கட்டைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, இடுப்பிலும் மார்பிலும் பட்டை போட்டு நாற்காலியோடு கட்டினார்கள். நான் பாதிக் கூடம் கூடப் போயிருக்க மாட்டேன். ஆரஸ்ட் வந்து இடித்தார். நாற்காலியோடு மல்லாந்தேன். அண்ணா, ஒருவரும் பதறவில்லை. ஒருவரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. "உயிரோட இருக்கியா?" என்று கேட்டார். "இருக்கேன்." "சரி, தூக்கி நிறுத்துங்கப்பா." உதவிக்கு இருப்பவர்கள் நிமிர்த்தினார்கள். நிமிர்ந்ததும் நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "மன்னிச்சுக்கோங்க."

"நான் உன்னக் கவுத்தேன், நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்குற! எந்த ஊர்டி நீ?"

"லிண்டன்டால்."

"ஓ, மென்னனைட்டு! துப்பாக்கியே தொடாத கூட்டம்! டேய் மார்செல், கடவுள் நமக்குன்னு பாத்து அனுப்பிருக்கான் பாரு!"

மார்செலைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். அவருக்கு விரல் பத்தும் வெறும் அலங்காரம். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் சக்கரத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்துவார். எங்களில் அவர்தான் மெதுவு. ஆனால் பந்து எங்கே வரப் போகிறதோ அங்கே அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

கவிழ்ந்த அன்று ராத்திரி அழுதேன். சந்தோஷத்தில்தான். குளத்திலிருந்து தூக்கிய நாள் முதல் எல்லோரும் என்னைத் தொட்டில் குழந்தையைத் தொடுவது போலத்தான் தொடுகிறார்கள். முதல் முறையாக ஒரு மனிதர் என்னைச் சரிசமமாக இடித்தார்.

அந்த அறையை நினைக்காத நாளில்லை. நன்றி இல்லாதவள் இல்லை நான். ஆனால் அங்கே வந்தால் அம்மா தினமும் என்னைத் தூக்குவாள். அவளுடைய தோள்வலி உனக்குத் தெரியும். இங்கே நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம், காலையில் ஒரு அம்மாள் வந்து உதவுகிறாள், மற்றதெல்லாம் நானே. நேற்று சட்டைப் பொத்தான்களை நானே போட்டேன். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஆறிப்போகும் நேரம் பிடித்தது. ஆனால் போட்டேன்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நேட்டா


லிண்டன்டால்
19 அக்டோபர் 1980, ஞாயிறு

நேட்டாவுக்கு,

படித்துக் காட்டாதே என்பதை முதல் வரியில் எழுத வேண்டும். நம் வீட்டில் ஞாயிறு சாயங்காலக் காப்பிக்குப் பிறகு கடிதத்தைச் சத்தமாகப் படிப்பதுதான் வழக்கம் என்பதையும் மறந்துவிட்டாயா? "கொலைப்பந்து" என்று வாய்விட்டுப் படித்த பிறகுதான் கடைசி வரிக்கு வந்தேன். அம்மா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை.

விளையாட்டாக எழுதிவிட்டாய், நான் விளையாட்டாக எழுத மாட்டேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அப்பா ராணுவத்துக்குப் போக மறுத்தார். அரசாங்கம் காட்டு முகாமுக்கு அனுப்பிப் பைன் கன்று நட வைத்தது. ஊர் திரும்பியபோது நம் களஞ்சியக் கதவில் யாரோ மஞ்சள் வண்ணத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள், கோழை என்று. அப்பா திட்டவில்லை, தேடவில்லை. சுண்ணாம்பு அடித்து மூடினார். அந்த வீட்டுப் பெண் நீ. உன்னைக் கவிழ்த்தவனைப் பாராட்டி மூன்று பக்கம் எழுதுகிறாய். நாளைக்கு நீயும் ஒருவனைக் கவிழ்ப்பாய். அதற்கும் பெருமைப்படுவாயா?

சபையில் நான் பாட்டு ஆரம்பித்து வைக்கிறவன். என் தங்கை கொலைப்பந்து ஆடுகிறாள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? கேட்கிறவர்களிடம் "கைக்குப் பயிற்சி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதிப் பொய்.

அந்த அறையில் குழாய் உறையாமல் இருக்க அம்மா தினமும் அடுப்பு மூட்டுகிறாள். ஆளில்லாத அறைக்குச் சூடு. அதைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ரப்பர் கையுறை கிழிந்துபோகும். பன்றிப் பட்டிக்கு நான் போடும் தோல் கையுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதே. குளிருக்கு.

கெர்ஹார்ட்


வின்னிபெக்
4 நவம்பர் 1980

அண்ணா,

கையுறை கச்சிதம். உன் பன்றிகளின் வாசனை இன்னும் இருக்கிறது. மார்செல் முகர்ந்து பார்த்துவிட்டு, "இத போட்டுக்கிட்டுப் போ, ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றார்.

நீ கேட்ட கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. நாளைக்கு நீயும் ஒருவனைக் கவிழ்ப்பாயா என்று. உண்மையைச் சொல்கிறேன், என்னால் முடியவில்லை. ஆரஸ்ட் "போ, அவன இடி!" என்று கத்துவார். முழு வேகத்தில் போவேன். கடைசி நொடியில் கை தானாகச் சக்கரத்தைப் பிடித்துவிடும். போய் மெல்ல ஒட்டி நிற்பேன். "பொறுத்துக்கோங்க" என்ற வார்த்தையும் வந்துவிடும். ஆரஸ்ட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன ஞாயித்துக்கிழமை விருந்தா? அவனுக்குக் காப்பி ஊத்தப் போறியா?"

இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டால் ஓரத்தில் உட்கார வைத்துவிடுவேன் என்றார். கேட்டேன். உட்கார வைத்தார். இரண்டு வாரம் ஓரத்திலேயே இருந்தேன். அப்பாவின் ரத்தம் என் கையில்தான் ஓடுகிறது போலிருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது? விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா என்று கூட ஒரு நாள் யோசித்தேன். அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

போன வியாழன் ஆள் குறைந்ததால் என்னை இறக்கினார்கள். எதிர்ப்பக்கம் ஆரஸ்ட். மடியில் பந்தோடு வருகிறார், அந்த ஆள் வந்தால் கதவே அதிரும். நான் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டேன், ஆனால் இடிக்க மனம் வரவில்லை. ஓடவும் மனம் வரவில்லை. இரண்டு கையாலும் சக்கரத்தை அழுத்திப் பிடித்து, அவர் போகவேண்டிய வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்து மோதினார். பல் ஆடிப்போனது. நான் நகரவில்லை. பின்னால் போய் மறுபடி வந்து மோதினார். அந்தப் பக்கம் திரும்பினார், அங்கே போய் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியின் கால்தாங்கி என் சக்கரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பந்தை வைத்துக்கொண்டு பத்து நொடிக்குள் தட்டவோ கொடுக்கவோ வேண்டும். முடியவில்லை, பந்து எங்களுக்கு வந்துவிட்டது. உக்ரைன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அதற்கு அர்த்தம் கேட்டேன், மார்செல் சொல்ல மறுத்துவிட்டார்.

அப்புறம் ஆரஸ்ட் நாற்காலியை விடுவித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏய் டீக்கன் தங்கச்சி, இப்ப என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. இருந்தேன்."

"இதையே பண்ணு. வேற எதுவும் பண்ணாத."

நீ சபையில் பொறுப்பு வகிக்கும் டீக்கன் இல்லை, பாட்டு ஆரம்பிப்பவன் என்று பல முறை சொல்லிவிட்டேன். அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

மார்செல் இத்தனை நாள் செய்துகொண்டிருந்ததும் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் வலு இல்லாத மனிதர், எதிரணியிலேயே பலசாலியான ஆளைக் கூடத்தின் மூலையில் நிறுத்தி வைத்துவிடுகிறார். அடிக்காமல். அந்தப் பக்கம் நம் ஆள் கோட்டைத் தாண்டுகிறான், எல்லோரும் அவனுக்குத்தான் கைதட்டுகிறார்கள், மார்செல் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு மனிதரை நான் சபையில் கூடக் கண்டதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இப்போது பேரத்துக்கு வருகிறேன். டிசம்பர் 18 அன்று ரெஜைனாவிலிருந்து ஒரு அணி வருகிறது. என் முதல் நிஜ ஆட்டம். ஏழு மணி. நீ எப்படியும் அன்று வண்டியோடு வருகிறாய். வந்து பார். ஆட்டம் முடிந்ததும் "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் ஏறிவிடுகிறேன், அந்த அறைக்கு வந்து ஆயுசு முழுக்க இருக்கிறேன். "இரு" என்று சொன்னால் இங்கேயே இருப்பேன், நீ அதற்குப் பிறகு அறையைப் பற்றிப் பேசவே கூடாது. சம்மதமா?

நேட்டா


லிண்டன்டால்
16 நவம்பர் 1980, ஞாயிறு

நேட்டாவுக்கு,

சம்மதம். சொன்ன சொல் மாற மாட்டேன், நீயும் மாறாதே.

நேற்று நம் வீட்டில் பன்றி அறுத்தோம், வழக்கம் போலப் பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்தார்கள். சாஸேஜ் புகைக்கூண்டில் தொங்குகிறது. உனக்குப் பிடித்த ஈரல் சாஸேஜை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், நீ வந்ததும் தர. உன் கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை, பேரத்தைப் பற்றியும் சொல்லவில்லை.

அடிக்காமல் வழியில் உட்கார்ந்துகொள்வது அடிப்பதில் சேருமா சேராதா என்று டிராக்டரில் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன். முடிவுக்கு வரவில்லை.

கெர்ஹார்ட்


வின்னிபெக்
19 டிசம்பர் 1980

அண்ணா என்று எழுதவே கை வரவில்லை.

நீ வந்தாய். நான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், அந்தக் கறுப்புத் தொப்பியைக் கழற்றாமல், ஆராதனையில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாய். முதல் பாதி முழுக்க இருந்தாய். இரண்டாம் பாதியில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன், உன் இடம் காலி.

ஆட்டம் முடிந்தது. இரண்டு புள்ளியில் தோற்றோம். நான் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, கட்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் இருந்தேன். ஆரஸ்ட் நாற்காலியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார். மார்செல் ஒரு நகைச்சுவை சொன்னார், பாதியில் விட்டுவிட்டார். கூடத்தைப் பூட்டினார்கள். உன் வண்டி நின்ற இடத்தில் டயர் தடம் மட்டும் இருந்தது, அதன் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

"வா" என்றும் சொல்லவில்லை, "இரு" என்றும் சொல்லவில்லை. என்ன பார்த்தாய் நீ? அந்தச் சிவப்புத் தாடிக்காரன் என்னை மோதியதையா? அவன் ரெஜைனாவின் பெரிய ஆள். அவனைத் தடுப்பதுதான் என் வேலை. அவன் எத்தனை முறை வந்தும் நான் விடவில்லை. அவன் ஒரு முறை கூட என்னைத் தாண்டிக் கோட்டுக்குப் போகவில்லை, அண்ணா! நாங்கள் தோற்றது மற்ற மூன்று பேரிடம். ஆட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, "நீ மனுஷியா, மண்டபத் தூணா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. அதைச் சொல்வதற்கு உன்னைத் தேடினேன்.

உனக்கு அவ்வளவு அசிங்கமாக இருந்ததென்றால் "வா" என்று சொல்லியிருக்கலாமே. நான் வாக்கு மாறுகிறவள் இல்லை. பெட்டி இன்னும் கட்டியபடிதான் இருக்கிறது. ஒரு வார்த்தை எழுது.

நேட்டா


லிண்டன்டால்
28 டிசம்பர் 1980, ஞாயிறு

என் நேட்டாவுக்கு,

உன்னைப் பனியில் காக்க வைத்துவிட்டேன். அதற்கு முதலில் மன்னிப்பு. இனி நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா என்ன? தானிய ரயிலில் பெட்டியோடு பெட்டியைக் கோக்கும்போது வரும் சத்தம். ஆனால் உள்ளே என் தங்கை இருக்கிறாள். முதல் மோதலில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் பாதி மூடினேன். அப்புறம் மூடவில்லை. தாடிக்காரன் இரண்டு ஆள் பருமன். முன்னால் வந்து மோதுகிறான், சுற்றி வந்து மோதுகிறான், உன் தலை இந்தப் பக்கம் ஆடுகிறது, அந்தப் பக்கம் ஆடுகிறது, நீ சக்கரத்தைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் முகத்தில் கோபமே இல்லை. எனக்குத்தான் வந்தது.

இடைவேளை முடிந்து அவன் மறுபடி உன் மேல் பாய்ந்தபோது, கூடத்தில் யாரோ "இடி! விடாதடி! இடிச்சுத் தள்ளு அந்தத் தாடிப் பயல!" என்று நம் ஊர் ஜெர்மன் பேச்சில் கத்தினார்கள். யார் அந்த மானங்கெட்டவன் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன், நேட்டா. முஷ்டியை மடக்கிக்கொண்டு.

நகரத்தில் நம் பேச்சு யாருக்குப் புரியப் போகிறது என்று ஒரு நொடி தைரியமாக இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் நம் பேச்சிலேயே, "கெர்ஹார்டு, நீயாப்பா?" என்றது. விதை வியாபாரி அப்ராம் கிளிப்பன்ஸ்டைன். அவருடைய மருமகன் ஏதோ டிக்கெட் கொடுத்தானாம்.

இறங்கி வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தேன்.  அப்பா மஞ்சள் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சுண்ணாம்பு அடித்தவர். நான் ஒரு பந்தாட்டத்துக்கு முஷ்டி மடக்கினேன். இந்த வாயால் உனக்கு "வா" என்றோ "இரு" என்றோ சொல்ல எனக்கு என்ன தகுதி? வண்டியை எடுத்துவிட்டேன். பாதி வழியில் நீ பெட்டியோடு காத்திருப்பாய் என்பது நினைவுக்கு வந்து திரும்பினேன். நான் வந்தபோது கூடம் பூட்டியிருந்தது. உன் வீட்டு விளக்கைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன், கதவைத் தட்ட வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சுற்றியுள்ள மூன்று ஊருக்கும் தெரிந்துவிட்டது. சபையில் பாட்டை ஆரம்பிக்க எழுந்தேன், பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள், எனக்குச் சுருதியே வரவில்லை. ஜனவரி 6 அன்று சபை ஆண்கள் கூடும் சகோதரர் கூட்டத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் என்னால் உனக்கு எதையும் சொல்ல முடியும். அதுவரை பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். எனக்கு அசிங்கமாக இல்லை. அன்று கூடத்தில் இருந்தவர்களிலேயே நீதான் பெரிய ஆள்.

கெர்ஹார்ட்


வின்னிபெக்
3 ஜனவரி 1981

அண்ணா,

சிரிக்காமல் படி என்றாய். மார்செலுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் மார்புப் பட்டை அவிழ்ந்து முன்னால் சாய்ந்துவிட்டார், நாங்கள் பிடித்து நிமிர்த்தினோம். அடுத்த ஆட்டத்துக்கு உன்னைக் கட்டாயம் அழைத்து வர வேண்டுமாம், பெஞ்சை மட்டும் தரையில் ஆணி அடித்து வைப்பார்களாம். ஆரஸ்ட் உன்னை இப்போதெல்லாம் டீக்கன் என்று சொல்வதில்லை, கோச் என்கிறார்.

ஆனால் ராத்திரி படுத்த பிறகு பயம் வந்துவிட்டது. சகோதரர் கூட்டத்தில் உட்காருகிறவர்கள்தான் அந்த அறையைக் கட்டியவர்கள். உன் முஷ்டியில் ஆரம்பித்து என் நாற்காலியில் வந்து முடிப்பார்கள். பாவம் பெண், வழி தவறிவிட்டாள், கூட்டி வாருங்கள் என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பை எதிர்த்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது, தாடிக்காரனை நிறுத்தியது போல அவர்களை நிறுத்த முடியாது.

"வா" என்று நீ சொன்னால் வருகிறேன். கூட்டம் சொல்லி நீ சொன்னால் வரமாட்டேன். பேரம் உன்னோடுதான்.

நேட்டா


லிண்டன்டால்
18 ஜனவரி 1981, ஞாயிறு

அன்பு நேட்டாவுக்கு,

கூட்டம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வீட்டில் வேலை தலைக்கு மேல். காரணம் பிறகு சொல்கிறேன்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, முஷ்டி, தாடிப் பயல் எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. நம் மூப்பர் பெர்னார்ட் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு உன்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

"அந்தத் தாடிக்காரன் அவள மோதினானா?"

"மோதினான்."

"அவ திருப்பி மோதினாளா?"

"இல்ல."

"பயந்து ஓடினாளா?"

"இல்ல."

"அப்ப என்னதான் பண்ணினா?"

"அங்கயே இருந்தா. அவனால தாண்டிப் போக முடியல."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தோம். பிறகு சொன்னார்: "நாம நானூறு வருஷமா அதத்தானேப்பா பண்ணப் பாக்குறோம்." என்னை மன்னித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, "புள்ளி எவ்வளவு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நீ பயந்தபடியே அறைப் பேச்சும் வந்தது. யாரோ ஒருவர் அன்பாகத்தான் ஆரம்பித்தார், "பாவம் அந்தப் பொண்ணு" என்று. எனக்கு மறுபடி முஷ்டி மடங்கப் பார்த்தது. மடக்கவில்லை, எழுந்து நின்றேன். லாவோஸிலிருந்து சபை வரவழைக்கும் அகதிக் குடும்பத்துக்குப் பள்ளிக்கூட நிலவறையைத் தயார் செய்கிறோமே, அது மனிதர் இருக்கிற இடமா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் சூடான அறை ஒன்று காலியாக இருக்கிறது, என் தங்கைக்கு அது தேவையில்லை, அவளுக்கு வின்னிபெக்கில் வீடு இருக்கிறது என்றேன். வீடு என்ற வார்த்தை தானாகத்தான் வந்தது. சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று பயந்தேன்.

அம்மா அழுதாள். உன் அறைக்கென்று தைத்த திரைச்சீலையைத் தொட்டுத் தொட்டு ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் எழுந்து மூன்றாவது முறையாக அறையைக் கழுவினாள்.

புதன்கிழமை வந்துவிட்டார்கள். புன்மி என்று பெயர், மனைவி வன்னா, அவளுடைய தம்பி ஒருவன். வாசலில் மைனஸ் முப்பது. சாய்வுப் பலகையில் கைகோத்துக்கொண்டு ஏறி வந்தார்கள், பனியில் வழுக்கும் என்று பயம். அம்மா அவர்களுக்காகச் சோறு வடித்து, பாலும் சர்க்கரையும் போட்டு, மேலே பட்டைப் பொடி தூவிக் கொடுத்தாள். தங்கமான மனிதர்கள், முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். மறுநாள் வன்னா அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். இப்போது வீடு முழுக்கப் பூண்டும் மிளகாயும் மணக்கிறது, அம்மா தும்மிக்கொண்டே சாப்பிடுகிறாள்.

ஆகவே பேரத்துக்கு என் பதில் இது. பெட்டியைப் பிரித்துவிடு. உனக்கு இங்கே இடமில்லை, நேட்டா. ஈஸ்டருக்கு விருந்தாளியாக வா, சமையலறையில் கட்டில் போடுகிறோம். அதற்கு மேல் தங்கினால் துரத்திவிடுவேன்.

நேற்று அம்மா என்னிடம் அந்தத் தாடிக்காரன் எப்படி மோதினான், நீ எப்படி இருந்தாய் என்று முழுவதும் சொல்லச் சொன்னாள். மேஜை மேல் உப்புக் குடுவையை உன் நாற்காலியாகவும் பாலேட்டு ஜாடியை அவனாகவும் வைத்துக் காட்டினேன். ஜாடியைப் பார்த்தபடி இருந்தாள். அப்புறம், "மறுபடி எப்ப வர்றான் அவன்?" என்று கேட்டாள்.

தேதி எழுது. நான் உட்கார்ந்தே பார்ப்பேன். அம்மாவுக்கு நான் பொறுப்பில்லை.

உன் அண்ணன்
கெர்ஹார்ட்